பதினொன்றாவது காரியம்

"பணம் பத்தும் செய்யும்" என்று நம் பாட்டன்மார் சொல்லிவைத்தார்கள். அந்தப் பத்து எவையெவை என்று பட்டியலிட்டுக் காட்டியவர் எவரையும் நான் அறியேன். பள்ளம் மேடாகும், பகை உறவாகும், குற்றம் குணமாகும், கோணல் நேராகும் என்று அவரவர் பட்டறிவுக்கேற்ப நிரப்பிக்கொள்ளலாம். பத்தையும் நான் மறுக்கவில்லை. ஆனால், பணம் செய்யமாட்டாத பதினொன்றாவது காரியம் ஒன்று உண்டு. பணம் வைத்திருப்பவனை, எதிரே இருப்பவன் மனிதனாக மதிக்கும்படி செய்வதே அது. இந்தப் பாடத்தைக் கோயில் வாயிலிலோ தேநீர்க் கடை வாசலிலோ நான் கற்கவில்லை. பணமே குடியிருக்கும் வங்கியில் கற்றேன்.

தோழர்களே, நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. படிப்பு வரட்டும், வேலை வரட்டும், கையிலே நாலு காசு புரளட்டும். பிறவியின் பெயரால் ஏற்றப்பட்ட இழிவு பனிபோல் விலகிவிடும் என்பது அந்த நம்பிக்கை. படிப்பின் பெருமையை நாள்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்பவன் நான். சொல்வதை நிறுத்தப் போவதுமில்லை. எனினும், படிப்பும் பணமும் வந்த பின்னரும் தானாக வராத ஒன்று இருக்கிறது, அதைத் தனியே கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் பிறந்ததும் ஆசிரியப் பணி செய்வதும் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில். ஊராட்சி ஒன்றுதான், அதற்குள் 60க்கும் மேற்பட்ட சிற்றூர்கள் மலைச்சரிவெங்கும் சிதறிக் கிடக்கின்றன. வாழ்வோரில் பெரும்பாலோர் 'மலையாளி' என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டதும் கேரளத்தவர் என எண்ணிவிட வேண்டாம். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது; எங்கள் தாய்மொழி தமிழே. சாமையும் கேழ்வரகும் விளைவிப்போம், புளி உலுக்குவோம், விளைச்சல் பொய்த்த ஆண்டில் மலையிறங்கிக் கூலி வேலை தேடிப் போவோம். அந்த மக்களில் ஒருவன் நான். கலைக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, தொகுப்பூதியத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறேன்.

"மலைவாசிக்கு வங்கியில் என்ன வேலை?" என்று கேட்டவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அன்று வங்கி, வணிகருக்கும் ஆலை முதலாளிக்கும் உரிய மாளிகை. 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. 1980இல் மேலும் 6 வங்கிகள் அவ்வழியே வந்தன. மக்களின் சேமிப்பு மக்களுக்கே பயன்பட வேண்டும், உழவனும் கைவினைஞனும் வங்கிப் படியேற வேண்டும் என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். 1975 முதல் ஊரக வங்கிகள் என்று தனியே ஓர் இனம் எழுந்தது. 2014 ஆகஸ்டு 28 அன்று வீட்டுக்கொரு கணக்கு என்னும் முழக்கத்தோடு ஜன்தன் திட்டம் வந்தது. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, மாதம் 1,000 ரூபாய் பெண்களின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. ஆக, வேண்டுவோர் மட்டும் போகும் இடமாக இருந்த வங்கி, வேண்டாதவரும் போயே தீர வேண்டிய இடமாகிவிட்டது. முதியவரின் ஓய்வூதியமாயினும், மாணவியின் உதவித்தொகையாயினும், உழைத்தவனின் கூலியாயினும் வங்கி வாயிலைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருகிறது. அந்த வாயிலில் ஒருவனுக்கு இழிவு நேருமானால், அது வசதி படைத்தோரின் மனவருத்தம் என்று ஒதுக்கத்தக்கதன்று. ஏழையின் சோற்றுப் பானைக்கு முன்னே போட்ட தடை அது.

இனி என் பட்டறிவைச் சொல்கிறேன்.

என் தங்கைக்குச் செவிலியர் பட்டப்படிப்பில் இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் மலையிறங்கிக் கல்லூரிக்குப் போகும் முதல் பெண் அவள். கட்டணத்துக்காகக் கல்விக் கடன் கேட்டு, என் தந்தையாரும் நானும் சமவெளி நகரம் ஒன்றில் உள்ள வங்கிக் கிளைக்குச் சென்றோம். வங்கியின் பெயரும் நகரத்தின் பெயரும் இங்கே வேண்டியதில்லை; இதை ஒரு கிளையின் கதையாகச் சுருக்கிவிட எனக்கு விருப்பமில்லை. அங்கே நாங்கள் புதியவர்களல்லர். என் ஊதியம் வந்து சேர்வது அந்தக் கிளைக்கே. தந்தையாரின் சேமிப்புக் கணக்கும் அங்கேதான்.

மேலாளரின் மேசைக்கு முன்னே இரண்டு நாற்காலிகள். எங்களுக்கு முன் சென்றவர் ஒரு புளி மண்டி உரிமையாளர். எங்கள் மலைப் புளியை எங்களிடம் வாங்கிச் சந்தையில் விற்றுப் பொருள் சேர்த்தவர். "வாங்க, உட்காருங்க" என்ற வரவேற்பும் தேநீரும் அவருக்குக் கிடைத்தன. அதிலே எனக்கு வருத்தமில்லை. வாடிக்கையாளரை அப்படித்தான் வரவேற்க வேண்டும். அவர் எழுந்து சென்றதும் நாங்கள் உள்ளே நுழைந்தோம். 60 வயதைக் கடந்த என் தந்தையாரைப் பார்த்து வந்த முதற்கேள்வி, "என்ன வேணும் உனக்கு?" என்பது. நாற்காலிகள் இரண்டும் காலியாக இருந்தன. உட்காரச் சொன்னவர் இல்லை. தந்தையாரின் தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு இறங்கிற்று.

"எந்த ஊரு?"

"சித்தேரிங்க."

"மலையா?" என்றார் மேலாளர். விண்ணப்பத்தைப் புரட்டிய கை அங்கேயே நின்றது. "மலையில இருக்கறவங்களுக்குக் கொடுத்துட்டு வசூலுக்கு யாரு மலையேறுறது?"

என் தங்கையின் மதிப்பெண் என்ன என்று அவர் கேட்கவில்லை. எந்தக் கல்லூரி, எத்தனை ஆண்டுப் படிப்பு, முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்றும் கேட்கவில்லை. ஊரின் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் மீண்டும் சென்றோம். "உங்க ஊரு எங்க கிளை எல்லைக்குள்ள வராது" என்ற பதில் வந்தது. சேமிப்பை வாங்கிக்கொண்டபோது எல்லைக்குள் இருந்த எங்கள் மலை, கடன் கேட்டபோது எல்லைக்கு வெளியே நகர்ந்துவிட்டது! நிலநூல் வல்லோர் இந்த விந்தையை ஆராய்ந்து விளக்கினால் என் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்வேன்.

மூன்றாம் முறை, "தர இயலாது என்பதையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டேன்.

"எழுத்துலயா? நீ என்ன வாத்தியாரா?"

"ஆமாம், ஆசிரியன்தான்."

"அப்ப அதையெல்லாம் பள்ளிக்கூடத்துல வச்சுக்கோ."

மூன்று முறை மலையிறங்கியதில் மூன்று நாள் கூலி தந்தையாருக்குப் போயிற்று. பேருந்துச் செலவு வேறு. வங்கியிலிருந்து நேரே அஞ்சலகத்துக்கு நடந்தேன். விண்ணப்பத்தை, ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவு அஞ்சலில் அதே கிளைக்கு அனுப்பினேன். நடந்ததை நாள்வாரியாகத் தமிழில் எழுதி, வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு படி அனுப்பினேன். ஏறத்தாழ 40 நாள் கழித்துத் தொலைபேசியில் அழைப்பு வந்தது. கடன் ஒப்பளிக்கப்பட்டிருந்தது.

கையொப்பமிடச் சென்ற நாளிலும் அந்த இரு நாற்காலிகளும் காலியாகவே இருந்தன. அன்றும் "இங்க கையெழுத்துப் போடு" என்றுதான் என் தந்தையாரிடம் சொல்லப்பட்டது. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "அப்பா, உட்கார்ந்து போடுங்கள்" என்றேன். அவர் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து கையொப்பமிட்டார். மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை. கடனை விதிமுறை பெற்றுத் தந்தது. நாற்காலியை நாங்களேதான் இழுத்துப் போட்டுக்கொள்ள நேர்ந்தது.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "உங்களிடம் பணமில்லை, அதனால் மதிப்பில்லை. இது ஏழ்மையின் விளைவு, வேறொன்றுமில்லை" என்றார். அப்படியானால் பணம் உள்ளவருக்கு, படித்தவருக்கு, பெரும்பதவியில் இருந்தவருக்கு வங்கியில் குறை நேரக் கூடாதல்லவா? அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்ப் பார்ப்போம்.

2020 செப்டம்பரில், அவ்வூரிலுள்ள இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக் கிளைக்குக் கடன் கேட்டுச் சென்றார் ஓய்வு பெற்ற அரசு மருத்துவர் ஒருவர். முதியவர், வசதி படைத்தவர், அந்தக் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர். அவரிடம் மேலாளர் கேட்டது, "உங்களுக்கு இந்தி தெரியுமா?" என்று. தமிழும் ஆங்கிலமும் தெரியும் என்றார் மருத்துவர். மேலாளரோ மராட்டிய மாநிலத்தவர். தமக்கு இந்தி தெரியும் என்றும், மொழி தடையாக இருக்கிறது என்றும் கூறி, ஆவணங்களைச் சரிவரப் பாராமலே கடன் தர மறுத்தார் என்று மருத்துவர் வெளியிட்டார். தமிழ்நாடெங்கும் கண்டனம் எழுந்தது. மேலாளர் அக்கிளையிலிருந்து மாற்றப்பட்டார்.

அந்த வங்கி 1937இல் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் என்னும் தமிழரால் தொடங்கப்பட்டது. அந்த ஊரோ, கங்கை வரை படை நடத்திய இராசேந்திர சோழன் தலைநகராக எழுப்பிய ஊர். கங்கையை வென்றவன் பேர் சொல்லும் ஊரிலேயே, கங்கைக்கரை மொழி தெரியுமா என்று தமிழனைக் கேட்கும் நிலை வந்தது! மருத்துவரிடம் பணம் இருந்தது, படிப்பு இருந்தது, நிலம் இருந்தது. பத்துக் காரியங்களையும் செய்யவல்ல செல்வம் அவரிடம் இருந்தது. பதினொன்றாவது காரியம் மட்டும் நடக்கவில்லை.

இது இந்த நாட்டின் நோய் மட்டுமா? கடலுக்கு அப்பாலும் பாருங்கள். 'பிளாக் பாந்தர்' என்னும் புகழ்பெற்ற திரைப்படத்தை இயக்கியவர் ரையான் கூக்ளர், அமெரிக்கக் கறுப்பினத்தவர். 2022 ஜனவரியில் அட்லாண்டா நகரத்துப் பேங்க் ஆஃப் அமெரிக்கா கிளையில், தம் சொந்தக் கணக்கிலிருந்து 12,000 டாலர் எடுக்கச் சென்றார். பெருந்தொகையாதலால் பிறர் அறியாமல் எண்ணித் தருமாறு ஒரு சீட்டில் எழுதி நீட்டினார். கொள்ளைக்காரன் என்று ஐயுற்ற ஊழியர் செய்தியை மேலே சொல்ல, காவலர் வந்து அவர் கையில் விலங்கு பூட்டினர். உண்மை தெரிந்தபின் விடுவித்தனர். வங்கி மன்னிப்புக் கேட்டது. கோடிக்கணக்கான டாலர் வசூலித்த படத்தை எடுத்தவருக்கே, தம் பணத்தைத் தாம் எடுக்கச் சென்ற இடத்தில் கிடைத்த மரியாதை கைவிலங்கு!

"யார் மலையேறுவது?" என்று எங்களிடம் கேட்டார்களே, அந்தக் கேள்விக்கும் அங்கே ஒரு பழைய உறவுமுறை உண்டு. 1933இல் தொடங்கப்பட்ட வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று, அமெரிக்க நகரங்களை வரைபடமாக்கி, எங்கே கடன் தருவது பாதுகாப்பு, எங்கே ஆபத்து என்று வண்ணம் தீட்டிற்று. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் பெரும்பாலும் சிவப்பாயின. அந்தத் தெருவில் குடியிருப்பவன் நாணயமானவனா, உழைப்பாளியா, ஊதியம் வாங்குபவனா என்ற ஆராய்ச்சி அங்கே இல்லை. தெருவின் நிறமே அவனது தகுதிச் சான்று. அந்தச் சிவப்புக் கோட்டை அழிக்க, 1968இல் ஒரு சட்டமும் 1977இல் மற்றொரு சட்டமும் அங்கே தேவைப்பட்டன. கணவன் கையொப்பமின்றிப் பெண்ணுக்குக் கடன் தர மறுத்துவந்த வழக்கத்தைத் தடுக்க 1974இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. தோல் நிறம், பால், மொழி, மலை என்று சாக்குகள் வேறுபடுகின்றன. ஆளை அளக்காமல் அவன் பிறப்பையும் இருப்பிடத்தையும் அளக்கும் கோல் ஒன்றேதான்.

இங்கே ஒரு வாதத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். "வங்கி அறச்சாலையன்று, வணிகம். கொடுத்த கடன் திரும்புமா என்று பார்ப்பது குற்றமா?" என்று கேட்பார்கள். குற்றமில்லை, பார்க்கத்தான் வேண்டும். அது ஊரார் பணம். கவனமின்றி வாரி இறைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால், பார்க்க வேண்டியது எதை? வருவாயை, முன்வாங்கிய கடனின் வரலாற்றை, தொழிலின் நிலையை, மாணவராயின் படிப்பையும் கல்லூரியையும். இவற்றைப் பார்த்தபின் "இல்லை" என்று சொன்னால், அது வணிகம். இவற்றில் ஒன்றையும் பாராமல், ஊர்ப் பெயரைக் கேட்டதும் விண்ணப்பத்தை மூடினால், அது வணிகமாகாது, வருணம். முன்னதற்குக் காரணம் எழுத முடியும். பின்னதற்குக் காரணம் எழுத முடியாது. ஆகவேதான் "எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டதும் சினம் பிறக்கிறது.

மேலும், கல்விக் கடனில் 4 இலட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது விதி. மாணவரின் வீடு கிளையின் எல்லைக்குள் இல்லை என்பதைக் காரணம் காட்டிக் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று 2012இலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. எங்களுக்கு இரண்டாம் முறை சொல்லப்பட்ட சாக்கு, பல ஆண்டுகளுக்கு முன்பே செத்துப்போன சாக்கு! பிணத்தை எடுத்து நிறுத்தி எங்களை அச்சுறுத்தினார்கள்.

நாட்டின் அடிப்படைச் சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்பவற்றால் எவரையும் கடைகளில் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் இதன்மீது கேள்வி எழுந்தபோது, 'கடை' என்னும் சொல்லை வெறும் நான்கு சுவராகக் கருத வேண்டாம், விலை கொடுத்துப் பெறும் சேவையையும் அது தழுவும் என்ற கருத்தில் விளக்கம் தந்தார் அண்ணல் அம்பேத்கர். கதவைத் திறந்துவிட்டுச் சேவையை மறுத்தால் அது கதவைத் திறந்ததாகாது என்பதை அந்தப் பொருளியல் அறிஞர் நன்கு அறிந்திருந்தார்.

2014 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வாடிக்கையாளர் உரிமைச் சாசனம் ஒன்றை வெளியிட்டது. ஐந்து உரிமைகள் அதில் உள்ளன. முதலாவது, நேர்மையாக நடத்தப்படும் உரிமை. பால், வயது, மதம், சாதி, உடற்திறன் போன்ற காரணங்களால் வாடிக்கையாளரை வேற்றுமைப்படுத்தலாகாது என்றும், அவரைக் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்றும் அது கூறுகிறது. மொழி, வாழிடம் என்னும் இரண்டும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி நிற்கவில்லை; "போன்ற" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்து மருத்துவருக்குத் தடையானது மொழி. எங்களுக்குத் தடையானது வாழிடம். இவ்விரு சொற்களையும் சாசனத்தில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும் என்பது நாம் எழுப்பத்தக்க கோரிக்கை.

மதிப்பு மறுக்கப்பட்டவர்கள் தமக்கென்று ஒரு வங்கியைத் தாமே எழுப்பிக்கொண்ட வரலாறும் நம்மிடம் உண்டு. கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த நாடார் சமுதாயத்தார், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினர். பின்னாளில் அதுவே தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறி, எல்லாருக்கும் உரியதாயிற்று. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால், அவர்களிடையே வணிகர் இருந்தனர், முதல் இருந்தது. சாமைக் கதிரும் புளியங்கொட்டையும் வைத்திருக்கும் மலைவாழ் மக்கள் எந்த முதலைக் கொண்டு வங்கி தொடங்குவார்கள்? தவிரவும், ஒரு நாற்காலிக்காக ஒவ்வொரு சாதியும் ஒவ்வொரு வங்கி தொடங்க வேண்டுமென்றால், பொதுத்துறை வங்கி என்ற பெயரில் 'பொது' என்னும் சொல்லுக்கு என்ன பொருள்?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் அரசனுக்கும் ஆண்டிக்கும் முன்னிலைச் சொல் ஒன்றே. நம் தமிழிலோ 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று படிகள் உண்டு. அன்புக்கும் பணிவுக்கும் இடம் தர வந்த இந்த நயத்தை, ஆளைத் தரம் பிரிக்கும் சல்லடையாக்கிவிட்டோம். மண்டி முதலாளிக்கு 'நீங்க', மலைக் கிழவனுக்கு 'நீ'. இந்தி தெரியுமா என்று கேட்டவர் வெளி மாநிலத்தவர், அவர்மீது நமக்குச் சினம் வந்தது, வரத்தான் வேண்டும். என் தந்தையாரை 'நீ' என்றவர் தமிழர். நல்ல தமிழில்தான் இழிவுபடுத்தினார். அவர்மீதும் அதே சினம் நமக்கு வர வேண்டாமா? அயலார் தமிழை மதிக்க வேண்டும் என்று கேட்கும் நாம், தமிழில் தமிழனை மதிக்கவும் கற்றாக வேண்டும். அப்போதுதான் நம் மொழிப்பற்று முழுமை பெறும்.

"புகார் எழுதி என்ன ஆகப் போகிறது? பெரிய இடத்தைப் பகைத்துக்கொள்ளலாமா?" என்று எங்கள் மலையில் பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. அந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று நான் ஏளனம் செய்யமாட்டேன். சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியை அறிந்தவர் எவரும் செய்யமாட்டார். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அந்தப் பழங்குடிச் சிற்றூரில் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். அதிகாரம் என்றாலே எங்கள் மக்கள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பதற்கு, பிறவிப் பணிவைக் காரணம் சொல்லாதீர்கள். காரணம் வரலாற்றில் இருக்கிறது.

ஆனால், அந்த வரலாற்றின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். வாச்சாத்திப் பெண்கள் வாய் மூடி இருக்கவில்லை. எழுத்தறிவு குறைந்த அந்த உழைப்பாளிப் பெண்கள், தங்களைத் தாக்கியோரை நீதிமன்றத்தில் அடையாளம் காட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 54 பேர் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டுகள் தளராமல் நின்ற அந்தத் தாய்மாரின் ஊர் அருகிலிருக்க, ஒரு மேலாளரின் முகச்சுளிப்புக்கு நாம் அஞ்சுவதா? அவர்கள் கடந்த நெருப்பாற்றின் முன்னே, நாம் எழுத வேண்டிய புகார்க் கடிதம் ஒரு பக்கத் தாள்.

இளைஞர்களே, இதில் உங்களுக்குத்தான் வேலை இருக்கிறது. மேடைப் பேச்சுக்கு ஒரு மாலையை ஒதுக்குகிறோம். மாதம் ஒரு காலைப் பொழுதை வங்கிக்கு ஒதுக்குங்கள். உங்கள் தெருவிலுள்ள பாட்டியோடு, எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டுப் பெரியவரோடு உடன் செல்லுங்கள். பணம் செலுத்தும் சீட்டும் கணக்குத் தொடங்கும் படிவமும் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லை. அதைப் பிறருக்கும் சொல்லுங்கள். 2023இல் உரிமைத்தொகை வந்த கையோடு, சில வங்கிகள் அதிலிருந்தே கட்டணம் பிடித்துக்கொண்டதும், அவ்வாறு செய்யலாகாது என்று மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டதும் நினைவிருக்கலாம். அமைச்சர் காதுக்கு அது எட்டியது, பெண்கள் வாய்திறந்து சொன்னதால்தான்.

கடன் விண்ணப்பம் எதுவாயினும் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாங்க மறுத்தால் அஞ்சலகம் இருக்கிறது. முதற்புகார் வங்கிக்கு. 30 நாளில் விடை இல்லையென்றாலும், வந்த விடை சரியில்லையென்றாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 2021 நவம்பர் முதல் நாடு முழுவதற்கும் ஒரே முறையாக அது நடைமுறைக்கு வந்தது, கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. புகாரிலே வசைச்சொல் வேண்டாம். நாள், நேரம், சொன்ன சொல், செய்த செயல் இவற்றை மட்டும் எழுதுங்கள். வசை பதிலுக்கு வசையைக் கொண்டுவரும். நாளும் நேரமும் குறித்த உண்மைக்கு விளக்கம் தந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். வங்கிப் பணி செய்வோரில் நம்மவர் பலர் இருக்கிறார்கள். இடஒதுக்கீட்டால் படிப்பும் பதவியும் பெற்று அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் தோழரே, உங்கள் மேசைக்கு முன்னே துண்டைக் கையிலெடுத்து நிற்கும் முதியவர் யார் என்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். உங்கள் பாட்டனும் அவ்வண்ணம்தான் எங்கோ ஓரிடத்தில் நின்றிருப்பார். "உட்காருங்கள் ஐயா" என்று சொல்ல எந்தத் தலைமை அலுவலகத்தின் ஒப்புதலும் தேவையில்லை.

வங்கிகள் கடனுக்குப் பிணை கேட்கட்டும், வட்டி கேட்கட்டும், தவணை தவறினால் வந்து கேட்கட்டும். வாங்கிய கடனை எங்கள் மலை திருப்பிச் செலுத்தும். என் தங்கை வெண்ணிற உடையணிந்து நோயாளியின் நாடி பிடிக்கும் நாளில், முதல் தவணையை அவளே கட்டுவாள். ஆனால், மரியாதை கடன் கணக்கில் சேராது. அதற்குப் பிணையில்லை, தவணையில்லை, தகுதிச் சான்றில்லை. உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் நுழைந்த கணமே உரியது அது. பணத்தால் ஆகாத அந்தப் பதினொன்றாவது காரியத்தை, எழுதிக் கேட்டும் எழுந்து நின்று கேட்டும் நாம்தான் முடித்தாக வேண்டும்.